தேனீ விடுதி: பெட்டி சரி, நிரப்பியிருப்பதுதான் தவறு

தோட்டத்தில் மாட்டுவதற்கென்று விற்கும் 'தேனீ விடுதி'கள் பெரும்பாலும் ஒரே அச்சுதான். கூரை வைத்த சின்ன மரவீடு. ஓர் அறையில் மூங்கில் குழல், இன்னொன்றில் துளையிட்ட கட்டை, மிச்ச இடத்தில் பைன் காயும் வைக்கோலும். பார்க்க அழகுதான். ஆனால் கூட்டமாக வாழாமல் தனித்தனியே கூடு கட்டும் தேனீக்களுக்கு உதவுவது குழலும் துளையும் மட்டுமே. பைன் காயில் அவை முட்டையிடாது. சிலந்தியும் எறும்பும் குடியேறும்.

பெரிய குறை ஆழம். பல பெட்டிகளில் குழல் 7, 8 செ.மீ.தான் இருக்கிறது, 15 செ.மீ. வேண்டும். தாய்த் தேனீ பெண்ணாகும் முட்டைகளை உள்கோடியிலும், முந்தி வெளிவர வேண்டிய ஆண் முட்டைகளை வாசல் பக்கமும் இடும். குழல் குட்டையானால் ஆண்களே அதிகம் பிறக்கும். அடுத்த பருவத்தில் கூடு கட்ட ஆள் குறையும்.

வாங்குமுன் குழலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். இரு பக்கமும் திறந்திருந்தால் தேனீ சீந்தாது. குழலின் வாய் ஓரத்தில் சிறு பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு மாட்டினால் அங்கே சிலும்பு இருக்கிறது, அது சிறகைக் கிழிக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும். கண்ணாடி, பிளாஸ்டிக் குழல் வேண்டவே வேண்டாம்: ஈரம் வெளியேறாமல் பூஞ்சை பிடித்துப் புழுக்கள் சாகும்.

பெட்டி மட்டும் உருப்படி என்றால் அதை வாங்கி, நிரப்பியதைக் கொட்டிவிடுங்கள். காய்ந்த மூங்கிலைப் பின்பக்கம் கணு வரும்படி அறுத்து, 4 முதல் 8 மி.மீ. வரை உள்விட்டம் கலந்து இறுக்கமாக அடுக்குங்கள். குழல்களைவிடக் கூரை 5 செ.மீ. நீண்டிருக்கட்டும். காலை வெயில் படும் இடத்தில், இடுப்பிலிருந்து மார்பு உயரத்துக்குள், சுவரோடு அசையாமல் திருகி முடுக்குங்கள். கயிற்றில் தொங்கி ஆடும் பெட்டியில் கூடு அமைவது அரிது.

பிறகு கவனிக்கலாம். இலைவெட்டித் தேனீ வயிற்றுக்கடியில் இலைத்துண்டைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு வந்து இறங்கும். நீள்வட்டத் துண்டு அறைச்சுவருக்கு, வட்டத் துண்டு மூடிக்கு. ரோஜா இலை ஓரத்தில் பிறை பிறையாக வெட்டு விழுந்திருந்தால் அது இந்தத் தேனீயின் வேலை. செடிக்கு ஒன்றும் ஆகாது, மருந்து அடிக்காதீர்கள்.

மண்ணாலோ இலையாலோ அடைத்த குழலைத் தொடக் கூடாது. அடைப்பில் குண்டூசி முனையளவு ஓட்டை தெரிந்தால் உள்ளே ஒட்டுண்ணிக் குளவி வளர்ந்து வெளியேறியிருக்கலாம். தேனீக்கள் வெளியேறிய குழல்களை எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். பழைய குழலில் உண்ணியும் பூஞ்சையும் சேரும். குழல்களைப் பசை போட்டு ஒட்டிய பெட்டியில் இதைச் செய்யவே முடியாது. அத்தகையதை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.