அம்பாசடருக்கு டிஸ்க் பிரேக் போடப் போறவங்க கவனத்துக்கு: 38,500 ரூபாய் போச்சு

முன் டிரம்மைக் கழற்றி டிஸ்க் போட 38,500 ரூபாய் வாங்கிட்டு, இடது கேலிபரை (டிஸ்க்கை ரெண்டு பக்கமும் பேடால கவ்விப் பிடிக்கிற பாகம்) வலதுலயும் வலதை இடதுலயும் மாட்டி அனுப்பியிருக்காங்க. நேத்து சாயங்காலம் சக்கரத்தைக் கழற்றினதும் முதல்ல கண்ணில் பட்டது பிளீடர் நிப்பிள், அதாவது லைன்ல மாட்டின காற்றை வெளியேத்துற திருகு. தரையைப் பார்த்துத் தொங்குது. காற்று மேலேதான் நிற்கும். நிப்பிள் கீழே இருந்தா எத்தனை பாட்டில் ஃப்ளூயிட் ஊத்தி பம்ப் பண்ணினாலும் அந்தக் காற்று வெளியே வராது. பெடல் பஞ்சு மாதிரியேதான் இருக்கும்.

பழைய கார்களை மட்டும் எடுத்துச் செய்யும் ஒரு ஒர்க்‌ஷாப் அது. லிஃப்ட்ல இன்னொரு அம்பாசடர் நின்னுது. அங்கே இருந்தவர் அதோட சக்கரத்தைச் சுத்திவிட்டு, "பெடலை மிதிங்க சார்"னார். டக்குனு நின்னுது. "வெல்டிங் கிடையாது, அப்படியே போல்ட் போட்டு மாட்டுறதுதான்"னார். அங்கேயே முழுப் பணத்தையும் ஜிபே பண்ணிட்டேன். பில் கேட்டதுக்கு, "ஜிஎஸ்டி சேர்ந்தா உங்களுக்குத்தானே சார் கூடும்"னு பதில்.

நிப்பிளோட முடியலை. அம்பாசடர் பிரேக் பைப்போட நட்டு 3/8 யுஎன்எஃப்னு சொல்ற இஞ்ச் அளவு, இஞ்சுக்கு 24 மரை. இவங்க போட்டது இந்தக் காலத்து ஹேட்ச்பேக் கேலிபர், அதுல மெட்ரிக் அளவு எம்10, மரைக்கு மரை 1 மி.மீ. இடைவெளி. 9.5 மி.மீ. நட்டு 10 மி.மீ. ஓட்டைக்குள்ள லொடலொடன்னு ஏறும், ரெண்டு மூணு மரை பிடிக்கும், பார்க்க மாட்டின மாதிரியே இருக்கும். அழுத்தி மிதிக்கிற அன்னிக்கு மரை பிய்ஞ்சு வெளியே வந்துடும். அந்த ஆட்டத்தை மறைக்க, குழாய் ரிப்பேருக்குச் சுத்துற வெள்ளை டேப்பைச் சுத்தியிருக்காங்க! பிரேக் லைன்ல கசிவைத் தடுக்கிறது மரை இல்லை, பைப் முனையில் விரிச்சு விட்டிருக்கும் ஃப்ளேர். டேப் துணுக்கு உள்ளே போனா அடைப்புதான்.

அடுத்தது மாஸ்டர் சிலிண்டர், பெடலை மிதிச்சா ஃப்ளூயிடை லைனுக்குள்ள தள்ளுறது. டிரம்முக்கான பழைய மாஸ்டர்ல லைனுக்குள்ள சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கிற வால்வு இருக்கும். டிஸ்க்ல பேடைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் கிடையாது, பேடைத் தள்ளுற பிஸ்டனோட ரப்பர் சீல் நெகிழ்ச்சி மட்டும்தான். அந்த 10 பிஎஸ்ஐ இருந்தா பேட் உரசிக்கிட்டே இருக்கும், டிஸ்க் சூடேறும், ஃப்ளூயிட் கொதிக்கும். அதை எடுத்துட்டு, பின் டிரம் லைனுக்கு மட்டும் தனியா 10 பிஎஸ்ஐ வால்வு போடணும். மாஸ்டர் வண்டித் தரைக்கு அடியில், கேலிபரைவிடத் தாழ்வா இருந்தா முன் டிஸ்க் லைனுக்கு 2 பிஎஸ்ஐ வால்வு வேணும். எதையும் தொடவே இல்லை.

ஹப்பை (சக்கரமும் டிஸ்க்கும் உட்காருற நடுப்பகுதி) லேத்தில் சரியா பிடிக்காததால டிஸ்க் 0.25 மி.மீ. ஆடுது. 0.1 தாண்டக் கூடாது. ஆட்டம் பேடைத் தள்ளிவிடும். 48 மி.மீ. பிஸ்டன் ரெண்டும் 0.3 மி.மீ. பின்வாங்கினாலே, 19 மி.மீ. மாஸ்டர் கிட்டத்தட்ட 4 மி.மீ. வீணா ஓடணும். பெடல் விகிதம் ஐந்துக்கு ஒண்ணுன்னா கால்ல 2 செ.மீ. காலி. முதல் மிதி தரைக்குப் போற காரணம் இதுவும்தான்.

மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் கொடுக்கிற பூஸ்டரும் கிடையாது. டிரம் ஷூ சுழற்சியில தானே இறுகும், டிஸ்க்குக்கு அந்த உதவி இல்லை. காற்றை எடுத்தாலும் பெடல் கல்லாத்தான் இருக்கும்.

முதல் போனுக்கு, "பேட் செட் ஆகணும் சார், 200 கி.மீ. ஓட்டுங்க." பிரேக் பிடிக்காத வண்டியை! ரெண்டாவதுக்கு, "ஃப்ளூயிட் மாத்திப் பாருங்க." அப்புறம் வாட்ஸ்அப்ல ரெண்டு நீல டிக்கோட சரி. நேர்ல போனா, "நீங்களே கழற்றிட்டீங்க, வாரன்டி போச்சு." 38,500 ரூபாய்க்கு ஒரு துண்டுச் சீட்டுகூட என் கையில இல்லை.

விலாவாரியா எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்துல ஓடலை. இதை மட்டும் பாருங்க: நிப்பிள் மேல் நோக்கி இருக்கணும். நட்டு விரலாலேயே நாலைந்து மரை ஆட்டமில்லாம ஏறணும். டிஸ்க் எவ்வளவு ஆடுதுன்னு டயல் கேஜ் வெச்சுக் காட்டச் சொல்லுங்க. பிராக்கெட் போல்ட் தலையில 8.8 அல்லது 10.9னு பலத்தைக் குறிக்கிற எண் பொறிச்சிருக்கணும். டிஸ்க் ஓரத்தில் பொறிச்சிருக்கும் குறைந்தபட்ச தடிமனுக்குக் கீழே போயிடலையேன்னு அளந்து பாருங்க. பில் இல்லாம அட்வான்ஸுக்கு மேல ஒரு ரூபாய் கொடுக்காதீங்க.

பழைய டிரம், பேக் பிளேட், வீல் சிலிண்டர் எல்லாத்தையும் அன்னிக்கே டிக்கியில ஏத்திக்கோங்க. என்னோடதைத் திருப்பிக் கேட்டேன். "அது ஸ்கிராப்புல போயிடுச்சு சார்"னாங்க.