வீடு தேடி வரும் வலிதணிப்புச் சேவை: காரைக்குடிப் பக்கத்து வீடுகளுக்கு எப்படி?

2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தீராத நோயின் வலியையும் அவதியையும் குறைக்கும் வலிதணிப்புச் செவிலியரும் வீட்டுக்கே வருகிறார், காசில்லை. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, ஆச்சி மட்டும் வளவில் (உள்முற்றத்தில்) படுத்த படுக்கையாக இருக்கும் செட்டிநாட்டு வீடுகளுக்கு இது பெரிய துணை.

படுக்கைப் புண்ணுக்குச் செவிலியர் கட்டுப் போடுவார். ஆனால் 2 மணிக்கொருதரம் புரட்டிப் படுக்கவைப்பது வீட்டார் வேலை. குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கடியில் தலையணை வையுங்கள். கடும் வலிக்கான மார்ஃபின் மாத்திரை தந்தால் முதல் நாளே மலமிளக்கியும் கேளுங்கள். இல்லாவிட்டால் மலம் இறுகி, மாத்திரையையே நிறுத்திவிடுவார்கள், வலி திரும்பிவிடும்.

வீட்டார் சறுக்குவது முகப்பில், அதாவது வாசல் பக்கத்தில்தான். நோய் என்னவென்று "ஆச்சிகிட்ட சொல்லிராதீங்க" என்று அங்கேயே செவிலியரை மடக்குகிறார்கள். பாவம், ஆச்சிக்கு உடம்பே பாதி சொல்லியிருக்கும். "எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க ஆச்சி?" என்று செவிலியரைக் கேட்க விடுங்கள். கேட்டபின் குறுக்கே பேசாதீர்கள். பதில் மெதுவாகத்தான் வரும்.