அச்சக செட் என்று விற்கிறார்கள், உஷார்

பழைய நோட்டு சேகரிப்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். ஒரே டிசைன், நான்கு அச்சகங்கள் என்று விளம்பரம் போட்டு ஒருவர் 10 யூரோ நோட்டு செட் விற்கிறார். அதை வாங்கி ஏமாந்தவன் எழுதுகிறேன். வந்தது கள்ள நோட்டு இல்லை, நான்கும் நல்ல நோட்டுதான். சொன்ன கதைதான் பொய்.

நான்கும் 2002-இல் புழக்கத்துக்கு வந்த முதல் வரிசை (சீரிஸ்). வரிசை எண்ணின் முதல் எழுத்து ஒவ்வொன்றிலும் வேறு. ஆளுக்கொரு அச்சகம் என்பதற்கு அதுதான் அவர் காட்டும் ஆதாரம். ஆனால் முதல் வரிசையில் அந்த எழுத்துக்கும் அச்சகத்துக்கும் சம்பந்தமே இல்லை. எந்த நாட்டு மத்திய வங்கியின் கணக்கில் வந்த நோட்டு என்பதைத்தான் அது சொல்லும். எக்ஸ் என்றால் ஜெர்மனி, யு என்றால் பிரான்ஸ், எஸ் என்றால் இத்தாலி. அச்சகம் தெரிய வேண்டுமானால் முன்பக்கத்தில் பொடியாக அச்சிட்ட ஆறு இடக் குறியீட்டைத் தேட வேண்டும். 10 யூரோவில் அது ஒரு நட்சத்திரத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும், லென்ஸ் இல்லாமல் கண்ணுக்குச் சிக்காது. குறியீடு ஆர் என்று தொடங்கினால் ஜெர்மன் அரசு அச்சகமான பூண்டஸ்ட்ருக்கெராய், பி என்று தொடங்கினால் கீசெக்கெ அண்ட் டெவ்ரியன்ட் என்ற இன்னொரு ஜெர்மன் அச்சகம். எக்ஸ் நோட்டை இந்த இரண்டு பேருமே அடித்திருக்கிறார்கள். எனக்கு வந்த செட்டில் இரண்டு நோட்டுகளின் குறியீடு ஒரே எழுத்தில் தொடங்குகிறது. அப்புறம் எங்கே நான்கு அச்சகம்?

2013-இல் 5 யூரோவோடு தொடங்கிய இரண்டாம் வரிசையில் மட்டும் வரிசை எண்ணின் முதல் எழுத்து நிஜமாகவே அச்சகத்தைக் குறிக்கும். அந்த விதியைத் தூக்கிப் பழைய நோட்டுக்குப் போட்டுவிட்டார். அறியாமல் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. குறியீடு இருக்கும் இடம் மட்டும் எல்லாப் படத்திலும் மங்கலாக இருந்தது.

அதே ஆளிடம் பெரு நாட்டு சோல் நோட்டும் ஒன்று வாங்கியிருந்தேன். உட்கார்ந்திருக்கும் சுதந்திர தேவி படம் போட்டது. அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி, வாட்டர்லோ, டி லா ரூ மூவரும் ஏறக்குறைய ஒரே மாதிரி அச்சிட்டார்கள். அச்சகத்தின் பெயர் நோட்டிலேயே சின்ன எழுத்தில் இருக்கும். விளம்பரத்தில் வாட்டர்லோ என்று எழுதியிருந்தார், படத்தில் விளிம்பை வெட்டியிருந்தார். வந்தது டி லா ரூ. கேட்டால், "வாட்டர்லோவை டி லா ரூ வாங்கிவிட்டதே, இரண்டும் ஒன்றுதானே சார்" என்கிறார். டி லா ரூ அதை வாங்கியது 1961-இல். நோட்டில் இருக்கும் தேதி 1950-களைச் சேர்ந்தது, அப்போது இரண்டும் தனித்தனி கம்பெனிகள்!

பணத்தைத் திருப்பித் தரச் சொன்னதற்கு, "நோட்டு ஒரிஜினல்தானே, என்ன குறை" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு பதிலே இல்லை. யாராவது இந்த செட்டை வாங்க நினைத்தால் 10 யூரோவின் அந்த நட்சத்திரத்தையும், பழைய நோட்டென்றால் நான்கு விளிம்பும் தெரிகிற முழு நோட்டையும் பெரிதாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தட்டிக் கழித்தால் விட்டுவிடுங்கள். விளம்பரம் இன்னும் அதே மங்கலான படங்களோடுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.