கில்லி மீன் முட்டை வாங்குவோர் கவனத்துக்கு

தொட்டியில் வளர்க்கும் சிறிய வண்ண மீனான கில்லியின் முட்டையைத் தபாலில் வரவழைக்க நினைப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு வந்த பொட்டலத்தில் இருந்தவை மீன் முட்டைகளே அல்ல.

இந்த மீன் பிறக்கும் விதமே ஏமாற்றுபவர்களுக்கு வசதியாக அமைந்துவிட்டது. மொசாம்பிக், ஜிம்பாப்வே பகுதிகளில் மழைக்காலத்தில் மட்டும் தேங்கும் குட்டைகளில் வாழும் நோத்தோபிராங்கியஸ் ஃபர்சரி என்ற கில்லி மீன் இனம், சேற்றுக்குள் முட்டையிடும். குட்டை வற்றினால் மீன்கள் செத்துவிடும். முட்டைகளோ காய்ந்த மண்ணில் பல மாதம் உறக்கநிலையில் கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். அதனால்தான் இவற்றை ஈர நார்த்தூளில் பொதிந்து தபாலில் அனுப்ப முடிகிறது.

“தண்ணீர் ஊற்றினால் போதும், சில மணி நேரத்தில் குஞ்சு” என்றார் விற்றவர். ஊற்றினேன். ஒன்றும் பொரிக்கவில்லை. கேட்டதற்கு, “மறுபடி உலர்த்தி இரண்டு மாதம் வையுங்கள்” என்றார். அப்பட்டமான பொய்யாக இருந்தால் அங்கேயே பிடித்திருக்கலாம். ஆனால் முதல் முறை பொரிக்காத முட்டைகளை உலர்த்தி மீண்டும் நனைப்பது, வளர்ப்பவர்கள் உண்மையிலேயே செய்வதுதான். அந்த இரண்டு மாதத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்கும் கெடு முடிந்துவிடும். அதுதான் அவர் போட்ட கணக்கு. மீனின் பொறுமையைத் தன் களவுக்கு மறைப்பாக்கிய இந்தத் துணிச்சலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சந்தேகப்பட்டு, தூளை வெள்ளைத் தட்டில் பரப்பிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். எல்லாம் ஒரே பழுப்பு நிற உருண்டைகள்; ஒளி ஊடுருவவே இல்லை. ஒன்றின் ஓரத்தில் தோல் வெடித்து, நூலிழை போல வெள்ளை வேர் நீண்டிருந்தது. ஏதோ ஒரு செடியின் விதை.

உயிருள்ள முட்டை சுமார் 1 மில்லிமீட்டர் இருக்கும், மங்கிய தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும். முதிர்ந்துவிட்டால் உள்ளே குஞ்சின் இரு கண்களும் தெளிவாகத் தெரியும். பால்போல் வெளுத்திருந்தால் செத்த முட்டை. பொட்டலம் வந்த அன்றே, நனைக்கும் முன், இப்படிப் பார்த்துப் படம் எடுத்துவிடுங்கள்.

வாங்கும் முன்பே இனத்தின் முழுப் பெயர், மூல மீன்கள் பிடிக்கப்பட்ட இடத்தைக் காட்டும் குறியீடு, முட்டை சேகரித்த தேதி மூன்றையும் கேளுங்கள். அக்கறையோடு வளர்ப்பவர் இவற்றை எழுதி ஒட்டித்தான் அனுப்புவார். எனக்கு வந்த பையில் ஒரு வண்ண மீன் படம் மட்டுமே இருந்தது. வேர்விட்ட விதையின் படத்தை அனுப்பிய பிறகு விற்றவரிடமிருந்து பதிலே இல்லை. விளம்பரம் மட்டும் அதே படத்துடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.