நான்கு பனிக்காலமும் ஒரு சிவப்புச் சங்கிலி முனையும்

சென்ற வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "தாஹோ ஏரிக்குப் போகிறோம். உங்கள் பனிச் சங்கிலியை இரவல் தருவீர்களா? என் வண்டிக்கும் 17 அங்குலம்தான்." பனிச் சாலையில் வழுக்காமலிருக்க டயரைச் சுற்றி மாட்டும் அந்தச் சங்கிலியுடன் நான்கு பனிக்காலமாக மல்லுக்கட்டியவன் என்பதால் பதிலைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

17 என்பது ரிம்மின் விட்டம் மட்டுமே. சங்கிலி சுற்றிப் பிடிக்கப்போவது ரிம்மை அல்ல, டயரை. என் டயரின் பக்கவாட்டில் 215/55ஆர்17 என்றிருக்கிறது. அகலம் 215 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம். ரிம்மின் விட்டத்தோடு மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவரையும் கூட்டினால் டயரின் மொத்த விட்டம் சுமார் 668 மி.மீ. நண்பரின் வண்டியில் 235/65ஆர்17. அதன் விட்டம் 737 மி.மீ. சுற்றளவில் வித்தியாசம் 217 மி.மீ., கிட்டத்தட்ட ஒரு சாண். கலிபோர்னியாவில் தாஹோ பக்கம் போகும் மலைவழியான டோனர் கணவாயில் சேற்றுப் பனியில் மண்டியிட்டு, ஒரு சாண் எட்டாத சங்கிலியை இழுத்துக்கொண்டிருக்கும் கோலத்தை அவர் கற்பனை செய்துகொள்ளட்டும்.

கதவுச் சட்டத்து ஸ்டிக்கரையும் நம்ப வேண்டாம். வண்டி தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் அளவைத்தான் அது சொல்லும். பழைய வண்டி என்றால், முன்பிருந்தவர் எதை மாட்டியிருக்கிறாரோ யார் கண்டது? குனிந்து டயரையே படியுங்கள். வண்டியின் கையேட்டையும் புரட்டுங்கள். சில டயர் அளவுகளுக்குச் சங்கிலியே கூடாது என்று அதில் போட்டிருப்பார்கள், மட்கார்டுக்குள் அவ்வளவு இடமிருக்காது.

இனி என் தலைவலி. என்னுடையது குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்ட வகை. வளையத்தை டயருக்குப் பின்னால் நுழைத்து, மேலே கோத்து, முன்பக்கம் கொக்கியை மாட்டி, சிவப்புச் சங்கிலி முனையை இழுத்து இறுக்க வேண்டும். கராஜில் ஒத்திகை பார்த்தபோது சக்கரத்துக்கு ஆறு நிமிடம். மலையில் அதே வேலை நாற்பது நிமிடம். கையுறையோடு கொக்கி பிடிபடாது. கழற்றினால் விரல் பிடிபடாது. மட்கார்டிலிருந்து கரைந்த பனி சரியாகச் சட்டைக் காலருக்குள்தான் விழும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். மாட்டி முடித்துச் சிறிது தூரம் ஓட்டியதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. சக்கரம் உருண்ட பிறகே சங்கிலி தன் இடத்தில் படிகிறது. அதுவரை இருந்த இறுக்கம் வெறும் தோற்றம். முதல் ஆண்டு, குழந்தை அழுகிறது என்று நிறுத்தாமல் போனேன். டிங், டிங் என்று ஏதோ தட்டியது. கணவாய்க்கு அப்பாலுள்ள டிரக்கி ஊருக்குப் போய்ச் சேர்ந்து பார்த்தால், சிவப்பு முனை அவிழ்ந்து மட்கார்டின் உள் பிளாஸ்டிக்கைக் கிழித்திருந்தது. மறுபடி இறுக்கச் சொல்லும் அந்த ஒற்றை வரியைத் தயாரித்தவர்கள் குறிப்புத்தாளின் அடியில் எறும்பெழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

நியாயமாகச் சொல்வதென்றால், சங்கிலியின்மேல் குறையில்லை. முன்சக்கரங்கள்தான் என் வண்டியை இழுக்கின்றன. அவற்றில் மாட்டியதும் பனிக்கட்டி படிந்த ஏற்றத்தில், மாடு கொம்பைச் சாய்த்து ஏறுவதுபோல் ஏறியது. பக்கத்தில் பெரிய வண்டியொன்று சக்கரம் சுழன்று நின்ற இடத்திலேயே நின்றது. அன்று எனக்கு வந்த கர்வம் சொல்லி மாளாது. மணிக்கு 30 மைல்தான் உச்சம், பல்லெல்லாம் ஆடும். ஆனாலும் திருப்பிய பக்கம் திரும்புகிறது, மிதித்தால் நிற்கிறது. வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைப்பதால் நான்கு ஆண்டில் துருவும் இல்லை.

நண்பருடையது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. நான்கு டயரிலும் எம்+எஸ் (சேறு, பனிக்கு ஏற்றது என்ற குறி) முத்திரை இருந்தால், மற்ற வண்டிகளுக்கெல்லாம் சங்கிலி கட்டாயமாகும் ஆர்-2 என்ற சாலைக் கட்டுப்பாட்டில் மாட்டாமலே விடுவார்கள். ஆனால் அவர் வண்டிக்குப் பொருந்தும் சங்கிலி உள்ளே இருந்தாக வேண்டும். என்னுடையதைப் பெட்டியோடு காட்டித் தப்பிக்கலாம் என்ற யோசனை இருந்தால் விட்டுவிடவும்.

இத்தனை புகழ்ந்த நான் இந்த பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோ பக்கத்து எமரிவில்லில் ரயிலேறி டிரக்கியில் இறங்கப்போகிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று. சங்கிலி கராஜ் ஆணியில் தொங்குகிறது. 215/55ஆர்17 டயர் உள்ளவர் யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன், திருப்பித் தரவும் வேண்டாம்.