கொழும்பில் நிற்கும்போது பிரசவக் குத்துத் தொடங்கினால்: எந்த அறிகுறிக்கு எங்கே ஓடுவது

கலியாண வீட்டுக்கென்று வந்து 33ஆம் கிழமையில் கொழும்பில் நிற்கும் பிள்ளைத்தாச்சிகளும் உண்டு, அம்மா பக்கத்தில் இருக்கவேண்டும் என்று பிரசவத்துக்கே வருபவர்களும் உண்டு. வைத்தியத்துக்கு இங்கே குறையில்லை. பொரளைப் பக்கம் காசல் வீதி மகளிர் வைத்தியசாலை, 1879இல் தொடங்கிய டி சொய்சா மகளிர் வைத்தியசாலை. வெள்ளவத்தை, தெஹிவளையில் நிற்பவர்களுக்குக் கிட்டவாகக் களுபோவில போதனா வைத்தியசாலை. தனியார் ஆஸ்பத்திரிகள் வேறு. ஆனால் லண்டனிலோ ரொறன்ரோவிலோ பழகிய ஒரு வசதியை இங்கே எதிர்பார்க்க முடியாது. அங்கே நடுச்சாமத்தில் அழைத்தால் மிட்வைஃப் ஒருவர் ஒவ்வொன்றாக விசாரித்து, வீட்டில் இருக்கலாமா, வரவேண்டுமா என்று சொல்லிவிடுவார். இங்கே அழைத்தால் பெரும்பாலும் "கூட்டிக்கொண்டு வாங்கோ" என்பதுதான் பதில். அதனால் எப்போது கிளம்புவது என்பதை வீட்டில் இருப்பவர்களே தீர்மானிக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் தடுமாறும் இடம் சேனலிங், அதாவது தனியாரில் டொக்டரைப் பார்க்க நம்பர் எடுப்பது. நல்ல டொக்டர் ஒருவரை மாலையில் சேனல் பண்ணினால் எல்லாம் சரி என்று நினைத்துவிடுகிறார்கள். கிளினிக் பார்க்க, ஸ்கான் காட்ட அது நல்ல வழி. ஆனால் இரத்தம் படுகிறது, பிள்ளை அசைவு குறைந்துவிட்டது என்று இருக்கும்போது 27ஆம் நம்பரை எடுத்துக்கொண்டு கதிரையில் காத்திருக்கக் கூடாது. கீழே சொல்லும் ஆபத்து அறிகுறி எதுவென்றாலும் நேரே லேபர் ரூமுக்கோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ போங்கள். தனியார் ஆஸ்பத்திரி என்றால் கொழும்புக்கு வந்த முதல் கிழமையிலேயே போய் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இரவு இரண்டு மணிக்கு சிசேரியன் செய்ய மயக்க மருந்து டொக்டர் எவ்வளவு நேரத்தில் வருவார்? இரத்தம் கைவசம் உண்டா? 32 கிழமைப் பிள்ளை பிறந்தால் இங்கேயே பார்ப்பீர்களா, வேறு இடத்துக்கு அனுப்புவீர்களா? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால், மாதம் நிறையாத பிரசவத்துக்கு அரசாங்க மகளிர் வைத்தியசாலையே நல்லது என்பது எங்கள் எண்ணம்.

முதலில் பயப்படத் தேவையில்லாததைச் சொல்லிவிடுவோம். 37 கிழமை தாண்டியபின் விட்டுவிட்டு வரும் குத்து, அடிவயிற்றிலும் இடுப்பிலும் இழுவை, சளி போன்ற கழிவில் ஒரு கோடு இரத்தம், இவையெல்லாம் தொடக்கப் பிரசவத்தின் இயல்பு. முதல் பிள்ளைக்கு இந்தக் கட்டம் ஒரு நாள் முழுக்கவும் இழுக்கலாம். வயிற்றின் மேற்பகுதியில் கையை வைத்துப் பாருங்கள்: குத்து வரும்போது இறுகி, போகும்போது நன்றாக இளக வேண்டும். ஒரு குத்துத் தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும் வரை எண்ணுவதுதான் இடைவெளி; முடிந்ததிலிருந்து எண்ணினால் கணக்குப் பிழைத்துவிடும். நடந்தாலோ, தண்ணீர் குடித்துப் படுத்தாலோ அடங்கிப்போவது பெரும்பாலும் பொய்க்குத்து. கொழும்பு வெக்கையில் உடம்பு காய்ந்தாலும் வயிறு இறுகும். கஞ்சி, பழம், தண்ணீர் எடுங்கள், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழியுங்கள், முடிந்தால் தூங்குங்கள். குத்தைக் கூட்ட ஆமணக்கெண்ணெய் குடிக்கச் சொல்லி யார் சொன்னாலும் வேண்டாம்.

முதல் பிள்ளைக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடமளவில், ஒரு மணித்தியாலம் தொடர்ந்தால் கிளம்பலாம். அடுத்தடுத்த பிள்ளைகள் என்றால் ஒழுங்காக வரத் தொடங்கியதுமே கிளம்புங்கள். காலையில் பள்ளிக்கூட நேரம், மாலையில் கந்தோர் விடும் நேரம் என்றால் காலி வீதியும் பேஸ்லைன் வீதியும் நகராது. அந்த நேரம் நெருங்குகிறதென்றால் முன்கூட்டியே போய்விடுங்கள். முன்பு சிசேரியன் ஆனவர்கள் ஐந்து நிமிடக் கணக்குக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. குத்துத் தொடங்கியதுமே போகவேண்டும். இரண்டு குத்துக்கு நடுவிலும் பழைய தழும்பில் நோ நிற்கிறதென்றால் கர்ப்பப்பை கிழியும் ஆபத்து உண்டு.

தண்ணீர்க்குடம் உடைந்ததா, சிறுநீரா என்ற சந்தேகம் எல்லாருக்கும் வரும். காய்ந்த வெள்ளைப் பேட் ஒன்று வைத்து அரை மணித்தியாலம் படுத்திருந்து எழும்புங்கள். எழும்பும்போது சளக்கென்று வந்தால் பெரும்பாலும் குடத்துத் தண்ணீர்தான். பேட்டை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பாருங்கள். மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் இளம்பச்சை தெரியாமல் போகலாம். தெளிவாகவோ வைக்கோல் நிறமாகவோ, நாற்றமில்லாமல், 37 கிழமைக்குப் பிறகு என்றால் பதறாமல் அன்றே போய்க் காட்டலாம். பச்சையோ மண்ணிறமோ என்றால் பிள்ளை உள்ளே மலம் கழித்திருக்கிறது. குத்து இல்லாவிட்டாலும் உடனே போகவேண்டும். கெட்ட நாற்றமும் காய்ச்சலும் தொற்றின் அடையாளம். உடைந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணித்தியாலம் தாண்டத் தாண்டத் தொற்று அபாயம் கூடும் என்பதால் டொக்டர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். கனடாவில் 35 முதல் 37 கிழமைக்குள் எடுத்த ஸ்ட்ரெப் பி (ஒரு பக்டீரியா) பரிசோதனை பொசிட்டிவ் என்றால் வாசலிலேயே சொல்லுங்கள்; பிரசவ நேரத்தில் நாளத்தில் அன்ரிபயோட்டிக் ஏற்ற வேண்டியிருக்கும்.

அபூர்வமாக, தண்ணீரோடு கொப்பூழ்க்கொடியும் வெளியே வரும். அதைத் தொடவோ உள்ளே தள்ளவோ கூடாது. முழங்காலில் நின்று, நெஞ்சைக் கட்டிலில் பதித்து, பின்பக்கத்தை உயர்த்தி வையுங்கள்; பிள்ளையின் தலை கொடியை நசுக்காமல் இருக்கத்தான் இது. 1990 அம்புலன்ஸை அழைத்துவிட்டு அப்படியே இருங்கள். வாகனத்தில் இடப்பக்கம் சரிந்து, இடுப்புக்குக் கீழே தலையணை. எதுவும் குடிக்கக் கொடுக்காதீர்கள், போனதுமே ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோவார்கள்.

சளியில் கலந்த கோடு வேறு, பேட்டில் ஊறும் சிவப்பு இரத்தம் வேறு. இரண்டாவது எவ்வளவு என்றாலும் அவசரம். நோவே இல்லாமல் இரத்தம் போனால் நச்சுக்கொடி (பிளசென்டா) கீழே இருக்கலாம். ஸ்கானில் அப்படி எழுதியிருந்தால், உள்ளே கைவைத்துப் பார்க்கமுன் டொக்டரிடம் சொல்லிவிடுங்கள். வயிறு இளகாமல் பலகை போல இறுகி, நோ விடாமல் நின்றால் நச்சுக்கொடி பிரிந்திருக்கலாம். அப்போது இரத்தம் உள்ளேயே தேங்கி வெளியே கொஞ்சமாகத்தான் தெரியும், அதைப் பார்த்து ஆறுதல்படக் கூடாது. உங்கள் இரத்த வகை நெகட்டிவ் (Rh நெகட்டிவ்) என்றால் அன்ரி-டி ஊசி தேவையா என்று கேளுங்கள். இரத்தம் பட்டு 72 மணித்தியாலத்துக்குள் போடவேண்டியது.

அசைவு பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். "பிரசவம் கிட்டினால் பிள்ளை அடங்கிவிடும்" என்று அன்ரிமார் அன்போடுதான் சொல்கிறார்கள், ஆனால் அது உண்மையில்லை. குத்துத் தொடங்கிய பிறகும் பிள்ளை வழக்கம்போல் அசையவேண்டும். இளநீர் குடித்துப் பார், ஐஸ் தண்ணீர் குடித்துப் பார், விடியட்டும் என்று நேரம் போக்குவதில்தான் பிள்ளைகள் இழக்கப்படுகிறார்கள். கையில் கொண்டுவந்த சிறிய டொப்ளர் கருவியில் சத்தம் கேட்டதென்று இருந்துவிடாதீர்கள். உங்கள் சொந்த நாடித்துடிப்பே அதில் கேட்கலாம், பிள்ளையுடையது கேட்டாலும் பிள்ளை களைத்திருக்கிறதா என்று கருவி சொல்லாது. வழக்கத்தைவிடக் குறைவு என்று உங்களுக்குப் பட்டால் அதுவே போதும். போய் சிடிஜி (பிள்ளையின் இதயத்துடிப்பைப் பதியும் பரிசோதனை) எடுக்கக் கேளுங்கள். இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்றாலும் வெட்கப்பட வேண்டாம்.

விடாத தலையிடி, கண்ணில் மின்னல், வலப்பக்க விலாவுக்குக் கீழே நோ, திடீரென்று முகம் வீங்குவது: பிறஷர் பார்க்காமல் பனடோல் போட்டுப் படுக்காதீர்கள். 140க்கு 90 என்றால் அன்றே காட்டவேண்டும், 160க்கு 110 என்றால் வலிப்பு வரக்கூடிய நிலை.

கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்குவும் நினைவில் நிற்கவேண்டும். மற்றவர்கள் இரண்டு நாள் பொறுத்து இரத்தம் பார்ப்பார்கள். பிள்ளைத்தாச்சி பொறுக்கக் கூடாது. 38 பாகையைத் தொட்ட அன்றே போய் இரத்தத்தட்டு (பிளேட்லெட்) எண்ணிக்கை பார்க்கவேண்டும், அது இறங்கும் நேரத்தில் பிரசவமானால் இரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போகலாம். பரசிட்டமோல் மட்டும், புரூபன், அஸ்பிரின் தொடவேண்டாம். நீண்ட விமானப் பயணம் முடிந்து வந்தவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, மூச்சு முட்டினாலோ அதுவும் அதே அவசரம்தான்.

37 கிழமைக்கு முன் ஒழுங்கான குத்து வந்தால் இடைவெளி எண்ணிக்கொண்டு வீட்டில் இருக்கவே கூடாது. பிள்ளையின் நுரையீரலுக்குப் போடும் ஸ்டீரொய்ட் ஊசி முழுப் பயன் தர ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும், நீங்கள் தாமதிக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் அந்த நாளிலிருந்து கழியும். நாளை மறுநாள் திரும்பும் விமானம் இருக்கிறது என்பதற்காகக் குத்தை மறைப்பவர்களைத் தயவுசெய்து அப்படிச் செய்யவிடாதீர்கள்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. பொதுவாக அரசாங்க ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோவார்கள். கிழமை, எத்தனையாவது பிள்ளை, முன்பு சிசேரியனா, என்ன அறிகுறி, எப்போது தொடங்கியது, இந்த வரிசையில் சொல்லுங்கள். எதிரில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் "லே யனவா" இரத்தம் போகிறது, "வத்துர யனவா" தண்ணீர் போகிறது, "லமயா ஹெல்லென்னே நே" பிள்ளை அசையவில்லை. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவே உள்ள ஒழுங்கைகளில் வீட்டு இலக்கம் இருட்டில் தெரியாது. ஒருவரை டோர்ச்சோடு ஒழுங்கை முகப்பில் நிறுத்துங்கள். அடுக்குமாடியின் லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்று காவலாளியிடம் முன்பே கேட்டு வையுங்கள். வெளிநாட்டுக் கிளினிக் குறிப்பு போன் செயலிக்குள் மட்டும் இருந்தால் இரத்த வகை, கடைசி ஸ்கான், நச்சுக்கொடி இருக்கும் இடம், மருந்து ஒவ்வாமை நான்கையும் தாளில் அச்சடித்து, பாஸ்போர்ட் பிரதியோடு கைப்பையில் போட்டுவிடுங்கள்.