கிரீம்ஸ் சாலையா, சோழமண்டலமா?

சென்னையில் நவீன ஓவியம் பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் சொல்வது சோழமண்டலம் ஓவியர் கிராமம். கையில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறது என்றால் நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் இந்த ஊரிலேயே இருப்பவர், மாதம் ஒருமுறையாவது போகிறவர் என்றால் என் ஓட்டு கிரீம்ஸ் சாலையில் இருக்கும், மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாடமிக்குத்தான்.

முதலில் சோழமண்டலம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. 1966-இல் தொடங்கியவர் கே.சி.எஸ். பணிக்கர்; அப்போது சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர். படித்து முடித்த பிள்ளைகள் பிழைப்பைத் தேடிப் போய் வரைவதையே விட்டுவிடக்கூடாது என்பது அவர் கவலை. பாத்திக் துணி, கைவினைப் பொருள்கள் என்று செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கி, அங்கேயே குடியேறி, அங்கேயே வரைந்தார்கள். சவுக்கும் மணலுமாக இருந்த இடம். இன்று அந்தச் சாலையில் மனை என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு இது கொஞ்சம் வயிற்றெரிச்சலான கதை.

உள்ளே இருக்கும் அருங்காட்சியகம், அந்த ஓவியக் கல்லூரியைச் சுற்றி உருவான, 'சென்னை இயக்கம்' என்று சொல்லப்படும் ஓவியர் தலைமுறைக்கானது. பத்திரிகைகளில் ஓவியர் ஆதிமூலத்தின் கோட்டோவியங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அந்தக் கோடு எந்தக் கூட்டத்திலிருந்து வந்தது என்பது இங்கேதான் புரியும். 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையில் பணிக்கர் எழுத்தையே படமாக்கினார். ஜாதகக் கட்டம் போல இருக்கும், மலையாள எழுத்து போல இருக்கும், வாசிக்கப் போனால் ஒன்றும் வராது. இதே கூட்டத்து ஓவியர் கே. ராமானுஜம் முப்பதுகளின் தொடக்கத்திலேயே, 1973-இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டவர். அவருடைய பேனா மைச் சித்திரங்களில் மாளிகையும் பாம்பும் தொப்பி போட்ட மனிதனும் பின்னிக் கிடப்பதை அச்சில் பார்த்தால் பாதிகூடத் தெரியாது. நேரில், கிட்டே நின்று பார்க்க வேண்டும். வெளியே தோட்டத்தில் கல்லும் உலோகமுமாகச் சிற்பங்கள். பிள்ளைகளோடு போனால் அங்கேயே பாதி நேரம் போய்விடும்.

குறை என்னவென்றால், அருங்காட்சியகம் அவ்வளவு சீக்கிரம் மாறாது. வாடகைக்கு விடும் சிறிய கூடங்களில் புதியவர்கள் காட்சி வைக்கிறார்கள்தான், ஆனால் மொத்தத்தில் அது காலம் சலித்து எடுத்தது. சுவரில் மோசமான படம் அநேகமாக இருக்காது.

கிரீம்ஸ் சாலையில் இருக்கும். நிறையவே இருக்கும். எனக்கு அந்த இடம் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். மத்திய அகாடமியின் இந்த மண்டல மையம் 1978-இல் வந்தது. கூடத்தை வாடகைக்கு எடுத்து ஓவியர்களே காட்சி வைக்கிறார்கள். ஒரு வாரம் போல இருக்கும், பிறகு வேறொருவர். பார்க்கக் கட்டணம் கிடையாது. போன முறை பூச்சாடியும் புத்தர் முகமும் மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பீர்கள். அடுத்த முறை உள்ளே நுழைந்ததும் கால் நின்றுவிடும். கூடவே கிராபிக்ஸ் (அச்சு ஓவியம்), செராமிக், சிற்பம் மூன்றுக்கும் பட்டறைகள் உண்டு.

முக்கியமான வித்தியாசம், படத்துக்குப் பக்கத்தில் வரைந்தவரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கும்பகோணத்துப் பையன் ஒருவன் கேன்வாஸ்களைக் கழற்றிச் சுருட்டிப் பேருந்தில் கொண்டுவந்து, இங்கே மறுபடி ஆணி அடித்த கதையைச் சொன்னான். "இதுக்கு என்ன அர்த்தம் தம்பி?" என்று கேட்டேன். "நீங்க சொல்லுங்க சார், நான் அப்புறம் சொல்றேன்" என்றான். அரை மணி நேரம் போனது தெரியவில்லை. சோழமண்டலத்திலும் ஓவியர்கள் குடியிருக்கிறார்கள், ஆனால் அது அவர்கள் வீடு. கதவைத் தட்ட நமக்குக் கூச்சம்.

நுங்கம்பாக்கம் பக்கத்துத் தனியார் கேலரிகள்? படங்கள் தேர்ந்தவை, வெளிச்சம் நன்றாக இருக்கும். வாங்க வந்தவரா, வேடிக்கை பார்க்க வந்தவரா என்று யாரோ கணக்குப் போடுவது போல எனக்கு ஒரு பிரமை. அதனால் அதிகம் போவதில்லை.

இந்த இரண்டையும் விட்டுவிட்டு கண்ணகி நகர் போகச் சொல்கிறவர்களும் உண்டு. நகரத்துக்குள்ளிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் குடியேற்றிய அடுக்குமாடிகளின் சுவர்களில் 2020-இல் பிரமாண்டமாக வரைந்தார்கள். ஓவியங்கள் அருமை. ஆனால் ஒருவர் துணி காயப்போடும் ஜன்னலை நோக்கி கேமராவைத் தூக்கிக்கொண்டு நிற்கிறோம் என்பது மனதில் இருக்கட்டும்.

போகிற நேரம் பற்றி ஒன்று. கிரீம்ஸ் சாலைக்குத் திறப்பு விழா மாலையில் போகாதீர்கள். குத்துவிளக்கு, சால்வை, சமோசா, படத்தின் முன்னால் முதுகுகள். நடுவாரத்தில் மூன்று, நான்கு மணிக்குப் போங்கள். வரும்போது வருகைப் பதிவேட்டில் 'அருமை' என்று மட்டும் எழுதாமல், எந்தப் படம் பிடித்தது என்று எழுதிவிட்டு வாருங்கள். சோழமண்டலத்துக்கு ஞாயிறு காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது. மாலையில் ஈசிஆர் நகராது.